நுண் ஆர்.என்.ஏ.: பதின்மூன்றாம் குரோமோசோமில் ஒரு கிழிசல்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் நீலகேசியைப் பற்றியோ வேறு ஏதாவது சமண நூலைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்தத் தடவை என் ரத்தத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் டாக்டரும் அல்லன், விஞ்ஞானியும் அல்லன். ஆரணிப் பட்டு வாங்கி விற்கிறவன். படித்ததெல்லாம் கடை மூடிய பிறகு நானாகப் படித்ததுதான். ஆனால் ஒரு விஷயம் நம் தலைக்கு மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டால், அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடிகிறதா?

2018-இல் கண்புரை அறுவைக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய இடத்தில் 27,400 இருந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. காய்ச்சல் இல்லை, இளைப்பு இல்லை, கடை மாடிப் படியை நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தேன். மேற்கொண்டு பரிசோதனைகள் முடிந்ததும் ரத்தவியல் நிபுணர் பெயரைச் சொன்னார். நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா, சுருக்கமாகச் சி.எல்.எல். ரத்தப் புற்றில் மெதுவான வகை. மேற்கு நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுகளில் இதுதான் மிகுதி. நம் நாட்டில் குறைவு. "இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்" என்றார். புற்றுநோய் என்றும் சொல்லி, மருந்து வேண்டாம் என்றும் சொன்னால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்! என் மனைவி, "இவருக்குச் சரியாத் தெரியலையோ என்னவோ, வேற ஆளைப் பாக்கலாங்க" என்றாள். வேறு ஆளும் அதையேதான் சொன்னார்.

பிறகு "ஃபிஷ் டெஸ்ட்" எடுக்கச் சொன்னார்கள். மீன் வாடையே அறியாத வீட்டில் இந்தப் பெயர் ஒரு கலவரத்தையே உண்டாக்கிற்று. அது மீன் இல்லை, ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று சின்ன மகள் விளக்கிய பிறகுதான் சமாதானம். உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோமில் குறிப்பிட்ட ஓர் இடம் இருக்கிறதா இல்லையா என்று ஒளிரும் சாயம் தடவிப் பார்ப்பது அது. முடிவு ஒரே வரியில் வந்தது: 13க்யூ14 நீக்கம். அதாவது பதின்மூன்றாம் குரோமோசோமின் நீண்ட கையில் பதினான்காம் பகுதியில் ஒரு துண்டு காணோம்.

அன்றிலிருந்து இரண்டு கேள்விகள் என்னைத் தூங்கவிடவில்லை. காணாமல் போன துண்டில் என்ன எழுதியிருந்தது? இந்தக் குறை என் பிள்ளைகளுக்கும் போயிருக்குமா?

முதல் கேள்விக்கு விடை காண, உயிரணு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும். என் தொழிலை வைத்தே சொல்கிறேன். கடையில் ஒரு பெரிய டிசைன் புத்தகம் இருக்கிறது என்று வையுங்கள். அது இரும்புப் பெட்டியை விட்டு வெளியே போகாது. ஒரு புடவை வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் நகல் எடுத்து ஆரணிக்கு அனுப்புகிறோம். தறிக்காரர் சீட்டைப் பார்த்து நெய்கிறார். டிசைன் புத்தகம் டி.என்.ஏ., பக்கம் மரபணு, சீட்டு தூது ஆர்.என்.ஏ., தறி ரைபோசோம், புடவைதான் புரதம். மனிதனின் புத்தகத்தில் புரதத்துக்கான பக்கங்கள் ஏறத்தாழ 20,000. அவை முழுப் புத்தகத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வராது.

கல்லீரல் உயிரணுவிலும் கண் உயிரணுவிலும் இருப்பது ஒரே புத்தகம்தான். அப்படியிருக்க ஒன்று பித்தம் சுரக்கிறது, மற்றது பார்க்கிறது. எந்தப் பக்கம் திறக்கப்படுகிறது, எத்தனை சீட்டு வெளியே போகிறது, போன சீட்டு எத்தனை நாள் செல்லும் என்பதில்தான் வித்தியாசம் எல்லாம். இதற்குத்தான் மரபணு ஒழுங்காற்றல் என்று பெயர். வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். நல்ல டிசைனால் மட்டும் கடை ஓடுவதில்லை. எப்போது, எத்தனை என்பதில்தான் கடை நிற்பதும் விழுவதும். போன சீட்டை வேண்டாமென்று நிறுத்தத் தெரியாத கடைக்காரன் சரக்குத் தேங்கியே நொடித்துப்போவான்.

சீட்டை நிறுத்துகிற ஆள் ஒருவன் உயிரணுவுக்குள் இருக்கிறான் என்பது 1993 வரைக்கும் யாருக்கும் தெரியாது. தெரியவந்தது ஒரு புழுவால். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற அந்தப் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். மொத்த உடம்புக்கும் ஏறத்தாழ ஆயிரம் உயிரணுக்கள், அவற்றில் 302 நரம்பணுக்கள். எங்கள் சமயக் கணக்கில் புழு ஈரறிவுயிர். இந்த ஆராய்ச்சிகளைப் படிக்கும்போதெல்லாம், எத்தனை புழுக்கள், பின்னால் எத்தனை எலிகள் என்ற எண்ணம் வராமல் இல்லை. வந்தது என்று எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான். அந்த அறிவைப் பயன்படுத்திக்கொள்கிறவன் நான்.

அந்தப் புழுவில் லின்-4 என்ற மரபணு கெட்டுப்போனால், புழு தன் முதல் இளம்பருவத்து வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும், சரியாகப் பெரிதாகாது. லின்-14 என்ற இன்னொரு மரபணு கெட்டால் நேர்மாறு. முதலாவது இரண்டாவதை அடக்குகிறது என்று தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. ஹார்வர்டில் விக்டர் ஆம்ப்ரோஸ் லின்-4-ஐத் தேடிக்கொண்டே போனார். அது புரதமே செய்யாத மரபணுவாக இருந்தது. அதிலிருந்து வந்தது 22 எழுத்துள்ள துளி ஆர்.என்.ஏ. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கேரி ருவ்குன் லின்-14-ஐ ஆராய்ந்துகொண்டிருந்தார். 1992-இல் இருவரும் தங்கள் எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டு ஒப்பிட்டார்கள். லின்-14 சீட்டின் வால்பகுதியில், லின்-4-உடன் ஜோடி சேரும் வரிசை ஒரு தடவை இல்லை, பல தடவை எழுதப்பட்டிருந்தது. சின்னது பெரியதன் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது; சீட்டு இருந்தும் தறி ஓடுவதில்லை.

1993 டிசம்பரில் இரண்டு கட்டுரைகளும் 'செல்' என்ற ஒரே இதழில் வந்தன. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புழுவின் ஏதோ விசித்திரம் என்று விட்டுவிட்டார்கள். ஆம்ப்ரோஸுக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலைகூடக் கிடைக்கவில்லை. 2000-இல் ருவ்குன் குழு இதே வகையில் லெட்-7 என்ற இரண்டாவதைக் கண்டது. அது புழுவில் மட்டுமின்றி ஈ, மீன், மனிதன் வரை அப்படியே இருப்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. அப்புறம்தான் எல்லாரும் ஓடிவந்தார்கள். 2001-இல் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் வைத்தார்கள். நுண் ஆர்.என்.ஏ. என்று நான் எழுதுகிறேன். 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு. 1993 கட்டுரையில் ஆம்ப்ரோஸ் பெயர் கடைசியில்தான் வரும். முதல் பெயர் ரோசலிண்ட் லீ, அவருடைய மனைவி. இரண்டாவது ரோண்டா ஃபைன்பாம். இந்த இரண்டு பெயர்களும் பத்திரிகைத் தலைப்புகளில் வரவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

இந்த நுண் ஆர்.என்.ஏ. எப்படி உண்டாகிறது? முதலில் நீளமான ஆர்.என்.ஏ.யாகப் பிறந்து, நடுவில் மடிந்து, கொண்டை ஊசி போல நிற்கும். டிரோஷா என்ற நொதி அதை நறுக்கும்; பின்னர் டைசர் என்ற இன்னொரு நொதி ஊசியின் வளைவை வெட்டி ஏறத்தாழ 22 எழுத்தாக்கும். அந்தத் துண்டை ஆர்கனாட் என்ற புரதம் ஏந்திக்கொண்டு சீட்டுகளின் வால்களைத் தடவிக்கொண்டே போகும். 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. முன்பகுதியில் இரண்டாவது முதல் எட்டாவது வரை ஏழு எழுத்து பொருந்தினாலே போதும். அதனால் ஒரே நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான வேறு வேறு சீட்டுகளைப் பிடிக்கும். ஒரே சீட்டைப் பல நுண் ஆர்.என்.ஏ.க்களும் பிடிக்கும். மனிதனின் புரத மரபணுக்களில் பாதிக்கு மேல் இவற்றின் கைக்குள் இருப்பதாகக் கணக்கு. மனிதனுக்கு இவை எத்தனை? பட்டியல்களில் ஆயிரத்துக்கு மேல் உண்டு. ஐயத்துக்கு இடமில்லாதவை சில நூறு.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இவை சீட்டை ஒரேயடியாகக் கிழித்து எறிகிறவை அல்ல. பெரும்பாலும் ஒரு புரதத்தின் அளவைக் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் குறைக்கும். பாதியாகக் குறைப்பதே அபூர்வம். விளக்கை அணைப்பதில்லை, திரியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கிறது. என் நோயின் குணமே இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது என்று பின்னால்தான் புரிந்தது.

இனி பதின்மூன்றாம் குரோமோசோமுக்கு வருவோம். சி.எல்.எல். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தத் துண்டு இல்லை என்பது 1990-களிலேயே நன்றாகத் தெரிந்திருந்தது. இத்தனை பேருக்கு ஒரே இடம் காணாமல் போகிறதென்றால் புற்றைத் தடுக்கும் மரபணு ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். பல ஆய்வுக்கூடங்கள் போட்டி போட்டுக்கொண்டு தேடின. ஒவ்வொரு நோயாளிக்கும் கிழிசல் வெவ்வேறு அளவு. எல்லாருக்கும் பொதுவாகக் கிழிந்த பகுதி எது என்று சுருக்கிக்கொண்டே வந்தார்கள். சுருங்கச் சுருங்க, உள்ளே புரதம் செய்யும் மரபணுவாக உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. திருட்டுப் போனது நிச்சயம், திருட்டுப் போன பொருள்தான் என்னவென்று தெரியவில்லை!

பிலடெல்பியாவில் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தில் கார்லோ குரோச்சேயின் கூடத்தில், ருமேனியாவிலிருந்து வந்திருந்த ஜார்ஜ் காலின் இதைக் கையில் எடுத்திருந்தார். பொதுவான கிழிசல் ஏறத்தாழ 30,000 எழுத்து நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. அப்போதுதான் 2001-இல் நுண் ஆர்.என்.ஏ.க்களின் முதல் பட்டியல்கள் வெளிவந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு நுண் ஆர்.என்.ஏ.க்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன: மிர்-15ஏ, மிர்-16-1. அவர்கள் பரிசோதித்த சி.எல்.எல். ரத்தங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு இவை இல்லை, அல்லது குறைந்திருந்தன. 2002-இல் வெளியானது. ஒரு மனித நோயோடு நுண் ஆர்.என்.ஏ. சேர்த்துக் காட்டப்பட்டது அதுவே முதல் தடவை. புழுவின் விசித்திரம் ஒன்பதே வருஷத்தில் மனிதனின் புற்றுநோய்க்கு வந்து சேர்ந்தது. அத்தனை பேரும் புடவையைத் தேடிக்கொண்டிருந்தார்கள், காணாமல் போனதோ நிறுத்தல் சீட்டு.

எதை நிறுத்தும் சீட்டு? 2005-இல் அதே குழு பி.சி.எல்.-2 என்று சொன்னது. இது பழைய அறிமுகம். 1984-இல் டுஜிமோட்டோவும் இதே குரோச்சேயும் வேறொரு நிணநீர்ப் புற்றில் கண்ட மரபணு. அது என்ன செய்கிறது என்பதை 1988-இல் மெல்போர்னில் டேவிட் வாவும் உடன் இருந்தவர்களும் காட்டினார்கள். அது உயிரணுவைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் வைக்கிறது. உயிரணுக்கள் தம் காலம் முடிந்ததும் தாமாகவே ஒழுங்காக முடித்துக்கொள்வது உடம்பின் நியதி. இதைப் படித்தபோது எங்கள் சல்லேகனை விரதத்தோடு ஒப்பிடத் தோன்றியது. பிறகு விட்டுவிட்டேன், விரதம் அறிவோடு ஏற்பது, உயிரணுவுக்கு அது ஏது? பி.சி.எல்.-2 அந்த முடிவைத் தடுக்கும் புரதம். மிர்-15, மிர்-16 இரண்டும் அதன் சீட்டைக் கட்டுக்குள் வைக்கின்றன. உயிரணு பெருகுவதற்கான வேறு சில புரதங்களையும் அப்படியே. இவை குறைந்தால் லிம்போசைட் சாக வேண்டிய நாளில் சாகாது. என் உடம்பில் வெள்ளை அணுக்கள் வெறிபிடித்துப் பெருகவில்லை. போக வேண்டியவை போகாமல் தங்கிவிட்டன. கூட்டம் சேர்ந்ததற்கு அதுதான் முக்கிய காரணம்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நியூசிலாந்து கறுப்பு எலி என்று ஒரு வகை உண்டு. அதற்கு வயதானால் இயற்கையாகவே சி.எல்.எல். போன்ற நோய் வரும். அதன் மிர்-16-1-ஐ ஒட்டி ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று 2007-இல் வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். 2010-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டல்லா-ஃபவேரா குழு, எலியிடமிருந்து இந்த இடத்தை நீக்கிப் பார்த்தது. சில எலிகளுக்கு மெதுவாக, வயதான பிறகு, அதே நோய் வந்தது. எல்லா எலிக்கும் வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கிழிசல் நோய்க்கு ஒரு படி, முழுக் காரணம் அன்று.

டாக்டர் ஏன் மருந்து வேண்டாம் என்றார் என்பதும் இங்கேதான் விளங்கியது. 2000-இல் ஜெர்மனியில் ஹார்ட்மூட் டோனர் குழு 325 சி.எல்.எல். நோயாளிகளைக் குரோமோசோம் வாரியாகப் பிரித்துப் பார்த்தது. பதினேழாம் குரோமோசோமின் குட்டைக் கை கிழிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 32 மாதம். பதின்மூன்று மட்டும் கிழிந்தவர்களுக்கு 133 மாதம். குரோமோசோமில் குறையே தெரியாதவர்களுக்கு 111 மாதம்! ஒன்றுமே கிழியாதவனைவிட இது கிழிந்தவன் கூடக் கொஞ்சம் வாழ்ந்திருக்கிறான். இவை இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தைய கணக்கு. இன்று நிலைமை எல்லாருக்குமே மேல். பதினேழில் போவது பி-53 என்ற பெரிய காவல் புரதம். அதனால் நோயும் மூர்க்கம். பதின்மூன்றில் போவது திரியை இழுக்கும் விரல். விளக்கு சற்றுப் பெரிதாக எரிகிறது, வீடு உடனே பற்றிக்கொள்வதில்லை. சொல்லப்போனால் எனக்கு இரண்டு பதின்மூன்றுகளில் ஒன்றுதான் கிழிந்திருக்கிறது. மற்றது இருந்துகொண்டு பாதி வேலையையாவது செய்கிறது.

இந்த நோயைப் படிநிலைகளாகப் பிரித்து எப்போது காத்திருக்கலாம் என்று 1975-இல் முறைப்படுத்தியவர் ஜோத்பூரில் பிறந்து அமெரிக்கா போன காந்தி ராய் என்ற மருத்துவர். அந்தப் பிரிவுகள் இன்றும் ராய் நிலைகள் என்றே வழங்குகின்றன. நான் இருப்பது சுழியம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இதுதான்.

சின்ன மகளுக்கு ஓர் இடம் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. எங்கள் சமூகம் சிறியது. ஒரு வீட்டுச் செய்தி இன்னொரு வீட்டுக்கு நடந்து போகாது, பறந்து போகும். "அவங்க அப்பாவுக்கு ஜீன்ல கோளாறாம்" என்று பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள், "ஜாதகம் திரும்பப் பார்க்கணும்" என்று. நான் இரண்டு பக்கம் விளக்கி எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மகள், "விடுங்கப்பா, புரிஞ்சுக்க விரும்பாதவங்களுக்கு நீங்க எத்தனை பக்கம் எழுதினாலும் ஒண்ணுதான்" என்றாள். அந்த இரண்டு பக்கத்தைத்தான் இப்போது பெரிதாக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜீன் என்றாலே பரம்பரை என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தாய் தந்தையிடமிருந்து கருவிலேயே வந்த குறை என்றால் அது உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும், பிள்ளைக்கும் போகலாம். என் கிழிசல் அப்படிப்பட்டதன்று. என்றோ ஒரு நாள், எலும்பு மஜ்ஜையில் பிறந்த பி-லிம்போசைட் குலத்து உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போதோ அதன் குரோமோசோம் முறிந்து ஒட்டும்போதோ அங்கே ஒரு துண்டு விட்டுப்போயிற்று. அந்த ஒன்றின் வாரிசுகள்தான் இன்று என் ரத்தத்தில் நிறைந்திருப்பவை. என் தோலில், கல்லீரலில், விந்தணுவில் பதின்மூன்றாம் குரோமோசோம் முழுதாக இருக்கிறது. ஆரணியில் ஒரு தறிக்காரரிடம் இருக்கும் நகலில் ஒரு தாள் கிழிந்தால் இரும்புப் பெட்டியில் உள்ள புத்தகம் கிழிந்ததாகுமா?

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். சி.எல்.எல். வந்தவரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல் என்பது கணக்கில் தெரிந்த விஷயம். ஆனால் நோயே அபூர்வம் என்பதால், அபூர்வத்தின் சில மடங்கும் அபூர்வமே. அப்படிப்பட்ட உறவினர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது ஒருநாளும் வருவதில்லை. இதையும் அந்த இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தேன். மறைத்து வைத்துச் சரக்கு விற்கிற பழக்கம் எனக்கு இல்லை. மகளுக்கு மறு வருஷமே வேறு இடத்தில் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் நாளே ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டோம்.

நுண் ஆர்.என்.ஏ. குறையால் பரம்பரை நோய் வருவதே இல்லையா என்றால், உண்டு. 2009-இல் ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்கள் இரண்டில் தலைமுறை தலைமுறையாக வந்த காது கேளாமைக்குக் காரணம் மிர்-96-இல் ஓர் எழுத்து மாற்றம் என்று கண்டார்கள். நான் முன்பு சொன்ன அந்த ஏழு எழுத்துக்குள்ளேயே அந்த மாற்றம் இருந்தது. வெட்டும் நொதியான டைசரின் மரபணுவிலேயே குறையோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு நுரையீரலில் அபூர்வக் கட்டி வருவதும் அதே ஆண்டில் தெரிந்தது. எனவே நுண் ஆர்.என்.ஏ. குறை என்றால் பரம்பரை என்றும் இல்லை, பரம்பரை இல்லை என்றும் இல்லை. எந்த உயிரணுவில் எப்போது ஏற்பட்டது என்று கேட்க வேண்டும்.

காணாமல் போனது 22 எழுத்துதானே, செய்து ஊசியில் போட்டுவிடலாமே என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்து பார்த்திருக்கிறார்கள். மிர்-15, மிர்-16 குடும்பத்தின் மாதிரித் துண்டை, பாக்டீரியாவிலிருந்து எடுத்த நுண் பைகளில் அடைத்து, கல்நார் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுக்கு ஆஸ்திரேலியாவில் கொடுத்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. மதிப்பிட முடிந்த 22 பேரில் ஒருவருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பலருக்கு வளராமல் நின்றது. மிர்-34 மாதிரி ஒன்றை அமெரிக்காவில் சோதித்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் கிளர்ந்து ஆபத்தானதால் 2016-இல் நிறுத்திவிட்டார்கள். எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி உண்டு. கல்லீரலின் மிர்-122-ஐ ஹெபடைட்டிஸ் சி கிருமி தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அதைக் கட்டிப்போடும் மிராவிர்சென் மருந்து 36 பேரிடம் கிருமியைக் குறைத்ததாக 2013-இல் வந்தது. ஆனால் அதே ஆண்டில் கிருமியை நேரே ஒழிக்கும் மாத்திரை வந்துவிட்டது. நல்ல சரக்கு, சந்தைக்கு வருவதற்குள் சந்தை மாறிவிட்டது. நுண் ஆர்.என்.ஏ.யை வைத்துச் செய்த மருந்து ஒன்றுகூட இன்றுவரை அங்கீகாரம் பெறவில்லை. ஒரே துண்டு நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் பிடிக்கும் என்ற அதன் பெருமையே மருந்தாகும்போது சங்கடமாகிறது.

ஆனால் அறிவு வீணாகவில்லை. நிறுத்தல் சீட்டைத் திரும்பக் கொடுக்க முடியாவிட்டால் என்ன, தேங்கிய சரக்கையே பிடித்துக் கட்டலாமே. பி.சி.எல்.-2 புரதத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் வெனிட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரைக்கு 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. முதலில் பதினேழு கிழிந்த மூர்க்க வகைக்கு. பிறகு எல்லா சி.எல்.எல்.லுக்கும். 1988-இல் பி.சி.எல்.-2-இன் வேலையைக் காட்டிய அதே மெல்போர்ன் நிறுவனத்துக்கு இதில் பங்குண்டு. இந்த மாத்திரையை முதல் நாளே முழு அளவில் கொடுக்க மாட்டார்கள். 20 மில்லிகிராமில் தொடங்கி 50, 100, 200, 400 என்று வாரத்துக்கு ஒரு படியாக ஐந்து வாரம் ஏற்றுவார்கள். சாகாமல் நின்ற லட்சோப லட்சம் உயிரணுக்களும் ஒரே நாளில் செத்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடித்துவிடும். வேறு வழியில் வேலை செய்யும் இப்ரூடினிப் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. எனக்கு இவை எதுவும் இன்னும் தேவைப்படவில்லை.

நோபல் செய்தி வந்த சில மாதங்களில் ஒரு பரிசோதனைக்கூடத்து ஆள் கடைக்கே வந்தார். ஒரு சொட்டு ரத்தத்தில் நுண் ஆர்.என்.ஏ. பார்த்து எல்லாப் புற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம், குடும்பத்துக்கே பேக்கேஜ் உண்டாம். மிர்-16 சிவப்பு அணுக்களில் ஏராளமாக இருக்கிறது. குழாயைச் சற்று முரட்டுத்தனமாகக் கையாண்டு நாலு சிவப்பு அணு உடைந்தாலே பிளாஸ்மாவில் மிர்-16 கணக்கு ஏறிவிடும், அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார். ஆராய்ச்சிக் கூடங்களில் இந்த அளவீடு மதிப்புள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ரத்தத்தை இரண்டு கூடங்களுக்கு அனுப்பினால் ஒரே விடை வர வேண்டாமா? எடைக்கல்லே முடிவாகாத கடையில் தங்கம் வாங்குவார்களா?

டாக்டர் பார்ப்பது வேறு விஷயங்களை. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்குகிறதா, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போகின்றனவா, லிம்போசைட் எண்ணிக்கை ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பாகிறதா, காரணமில்லாமல் இளைப்போ காய்ச்சலோ இரவில் துணி நனையும் வியர்வையோ உண்டா, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டிப் பெரிதாகிறதா. எண்ணிக்கை அதிகம் என்ற ஒன்றை மட்டும் வைத்து மருந்து தொடங்குவதில்லை. இந்த லிம்போசைட்டுகள் கூட்டம்தான் பெரிது, காவல் வேலைக்கு உதவாதவை. அதனால் இன்ஃப்ளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகள் கூடாதாம்.

போன மாதம் வெள்ளை அணு 43,000. ஹீமோகுளோபின் 13.2. தட்டணுக்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம். இப்போதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதை ஆறு மாதமாக்கிவிட்டார்கள். அடுத்த தேதி கார்த்திகையில் வருகிறது. அதற்குள் ஆரணிக்குப் போய் தீபாவளிச் சரக்கின் பாக்கியை முடித்துவிட்டு வர வேண்டும்.